மூன்று வேர்ப் பல்

வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்பவர்களிடம் கேள்வி கேட்பதில் பல் டாக்டர்களுக்கு என்ன ஆனந்தமோ தெரியவில்லை. "என்னம்மா தொழில் பண்றீங்க?" என்று கேட்டார் டாக்டர். ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரு கொக்கி, இரண்டு பஞ்சுருண்டை எல்லாம் உள்ளே இருந்த வாயால், "ஆ... ஊ... ஆ" என்றாள் வெள்ளிக்காரி. "அப்படியா, ரொம்ப நல்லது" என்றார் அவர், எல்லாம் விளங்கிவிட்டதைப் போல.

மூன்று நாளாகக் கன்னம் வீங்கி, தண்ணீர் பட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. "உன் முனகலைக் கேட்டுக் கேட்டு எனக்கே பல்வலி வந்துடும் போலிருக்கு, போய்த் தொலை" என்று புருஷன்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. மருந்துக்கடை மாடியில் மூன்று சின்ன அறைகள். முன்னறையில் ஒரு மேசை, அதன் பின்னால் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். வருகிறவர்களுக்கு எண் எழுதிய அட்டையை நீட்டுவது அவள் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் 'டோக்கன் அக்கா'. வயசில் அப்பா போல இருந்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த டோக்கன் அக்கா அட்டையைக் கொடுக்கும்போது வெள்ளிக்காரியின் கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கே! இது என்னங்க, கல்லா?"

வீங்கிய வாயானாலும் வியாபாரி வாய் சும்மா இருக்குமா? "கல்லுதான், ஆனா கல்லு இல்ல. ஒரு காலத்துல உயிரா இருந்து, மண்ணுக்குள்ளயே கிடந்து கிடந்து கல்லா மாறினது. ஏதோ மிருகத்தோட பல்லு. எத்தனை லட்சம் வருஷமோ!"

"தொட்டுப் பார்க்கலாமா?"

"தாராளமா."

டோக்கன் அக்கா மேசைக்கு மேல் எக்கி, இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்து, உள்ளங்கையில் ஒரு நொடி வைத்துக்கொண்டாள். "சூடா இருக்கு, உங்க உடம்புச் சூடு" என்று சிரித்துவிட்டுக் கீழே விட்டாள்.

வெள்ளிக்காரியும் புருஷனும் செய்யும் நகைகள் எல்லாமே அந்த மாதிரிதான். தெருக்கோடியில் ஒன்றரை அறை. முழு அறையில் அவள் வெள்ளி உருக்கி, தட்டி, கம்பி இழுத்து, பற்றவைப்பாள். அரை அறையில் அவர் கல் அறுப்பார், தேய்ப்பார். கல்லாகிப்போன நத்தைச் சுருள், கல்லாகிப்போன மரத்துண்டு, சாயம் ஏற்றாத, சூடு காட்டாத சாதாரணக் கற்கள். மண்ணிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கும், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத குணத்துக்கும் சேர்த்து அவருக்குக் 'கல்லு' என்றே பேர் நிலைத்துவிட்டது.

இருபது வருஷத்தில் எத்தனையோ நகை செய்தவள் தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொண்டதில்லை. அந்தப் பல் ஒன்றுதான் விதிவிலக்கு. எட்டு மாசத்துக்கு முன்னால் சுறாப் பற்கள் வந்த ஒரு பையில் அது கிடந்தது. சுறாப் பல்லெல்லாம் கத்தி முனைபோல் தட்டையாகக் கறுத்திருக்க, இது மட்டும் கட்டையாக, பழுப்பு நிறத்தில், மூன்று வேரோடு இருந்தது. மேல் பக்கத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு, வெளிச்சத்தில் மினுங்கியது. மண்ணில் இருந்த ஏதோ உலோகம் ஊறி உள்ளே போயிருக்கிறது என்று நினைத்தாள். "பாருங்க, நான் பதிக்கிறதுக்கு முன்னாடியே பூமி பதிச்சு வெச்சிருக்கு" என்று புருஷனிடம் காட்டினாள். நடுவில் ஒட்டியாணம் போல ஒரு வெள்ளிப்பட்டை கட்டி, வளையம் வைத்துச் சங்கிலியில் கோத்தாள். மூன்றாவது வேர் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் கீறும் என்று அதை அரத்தால் ராவிச் சமமாக்கினாள். அன்றிலிருந்து குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருந்தார். பிறகு விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு நேரே வைத்துக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை வாய்க்குள் இல்லை, அதற்குக் கீழே இருந்தது. விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"இது எங்கேருந்து வந்தது உங்களுக்கு?"

கேட்டதோடு நிற்கவில்லை. கொக்கி, கண்ணாடி, பஞ்சு எல்லாவற்றையும் வாயிலிருந்து எடுத்தார். பதில் நிஜமாகவே வேண்டும் போலிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

"அது... கல்லாகிப்போன..." மரத்துப்போன உதடு ஒத்துழைக்கவில்லை. "ஏதோ மிருகத்தோட பல்லு டாக்டர்."

"மிருகம் இல்லம்மா. மனுஷப் பல்லு. கீழ்க் கடைவாய்ப் பல்லு."

அவள் பாதி வாயால் சிரித்தாள். பல் டாக்டருக்குப் பார்ப்பதெல்லாம் பல் என்று ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

"இந்தச் சாம்பல் பொட்டு இருக்கே, இது தானா வந்தது இல்ல. பல்லு அடைச்சது. ஃபில்லிங். அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

கழற்றுவதற்குச் சங்கிலியில் கொக்கி இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. தலை வழியாக இழுத்தாள். காதில் மாட்டி, முடியில் சிக்கி, பிய்த்துக்கொண்டு வந்தது. எட்டு மாசம். எட்டு மாசமாக ஒரு மனுஷனுடைய பல் அவள் மார்பில் தூங்கி எழுந்திருக்கிறது. மேசை விளக்கின் கீழே அதைப் பிடித்தபடி டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  

"கீழ்க் கடைவாய்க்கு ரெண்டு வேர்தான் இருக்கும். இதுக்கு மூணு. மூணாவது வளைஞ்சு இருந்திருக்கணுமே, அந்த வளைவு எங்க?"

"நான்தான்..." அவளுக்குச் சொல்ல வரவில்லை. "நான்தான் ராவிட்டேன் டாக்டர். குத்துச்சுன்னு."

அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ் போட்டார். உள்ளறையில் இரும்பு அலமாரி கிறீச்சிட்டது. காகிதங்கள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு பழைய உறை. அதிலிருந்து விரல் அகல எக்ஸ்ரே படம் ஒன்றை உருவி விளக்குக்கு நேரே பிடித்தார். பக்கத்தில் பல்லையும் பிடித்தார். படத்தில் வெள்ளையாகத் தெரிந்த அடைப்பு ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து, படகு மாதிரி இருந்தது. பல்லிலும் அதே படகு.

"முப்பது வருஷத்துல இப்படி மூணு வேர்ப் பல்லு எனக்கு வந்தது விரல்விட்டு எண்ணிடலாம். இதோட மூணாவது வேரைத் தேடி ஒரு மத்தியானம் பூரா தலைகீழா நின்னேன். அடைச்சது நான்தான். என் கை எனக்குத் தெரியாதா?"

அது அவளுக்குப் புரிந்தது. தன் பற்றவைப்பை ஆயிரம் நகைக்கு நடுவே போட்டாலும் அவளும் எடுத்துவிடுவாள். அதனால்தான் அடுத்ததைக் கேட்கவே பயமாக இருந்தது.

"யாரோடது டாக்டர்?"

"மண்குழியில லாரி ஓட்டின ஒருத்தர். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போயிட்டார். அங்க சமையல் பண்ணின ஒரு பொம்பளையோட ஓடிப்போயிட்டார்னு சொன்னாங்க." டாக்டர் சாத்திய கதவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நாலு வயசுக் குழந்தையோட அவர் சம்சாரம் நிர்க்கதியா நின்னா. சம்பளம் கம்மிதான், வாம்மான்னு நான்தான் கூப்பிட்டு முன்னறை மேசையில உட்கார வெச்சேன்."

வெள்ளிக்காரி கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தையிடம், "அழக் கூடாது, டாக்டர் தாத்தா எண்ணிப் பார்த்துட்டு விட்டுடுவார்" என்று சொல்லும் குரல் கேட்டது. சற்றுமுன் அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்து, 'சூடா இருக்கு' என்ற அதே குரல்.

நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள்.  

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்றார் டாக்டர்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு முகம் அவள் கண்முன் வந்து நின்றது. சல்லடை அண்ணன். அறுபது தாண்டிய ஒல்லி மனுஷன். கைவிடப்பட்ட மண்குழியில் சல்லடை வைத்துச் சலித்து, சுறாப் பற்களும் சிப்பிகளும் பொறுக்கி, துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவார். ஐந்து வருஷமாக வருகிறார். எடைபோட்டதும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார், ஒரு வார்த்தை பேரம் கிடையாது. கடைசியாக வந்தபோது, "பாருங்கண்ணே, உங்க பையில வந்த அதிர்ஷ்டம்" என்று இந்தப் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.  பிறகு, "அதைக் குடுத்துடும்மா, பதிலா நல்லதா இருபது சுறாப் பல்லு தர்றேன்" என்றார்.

"ஆசை, தோசை! இது எனக்குன்னே வந்தது" என்று அவள் சிரித்தாள். "ஐம்பது தர்றேம்மா" என்றார். அப்போதும் அவள் சிரித்தாள். அவர் அப்படியே எழுந்து போனார். கொண்டுவந்த பையை எடைகூடப் போடவில்லை. அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள்.

இதைச் சொல்லி முடித்தபோது டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லணும்" என்றார். "அது என் பொறுப்பு. நீங்க போறதுன்னா போங்க."

அவள் போகவில்லை. போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வேரை ராவிய கையை வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்க அவளால் முடியவில்லை.

காத்திருந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, டாக்டர் டோக்கன் அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவரோட பல்லு அங்க எப்படி வரும் டாக்டர்? அவர்தான் வேற ஊர்ல குடும்பம் நடத்துறாரே."

"அப்படித்தான் நாம நெனச்சோம்."

"விழுந்திருக்கும். பல்லு விழறது இல்லையா? போற அவசரத்துல விழுந்திருக்கும்."

"அது தானா விழற பல்லு இல்லம்மா. நான் அடைச்சதே அது இன்னும் முப்பது வருஷம் நிக்கணும்னுதான்."

முன்னறையில் தொலைபேசி மணி அடித்தது. டோக்கன் அக்கா எழுந்து போனாள். "வணக்கம், சொல்லுங்க... இருக்கார்ங்க... நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க, டோக்கன் ஏழு" என்று அவள் பேசுவது கேட்டது. குரலில் ஒரு பிசிறு இல்லை. நோட்டில் எழுதினாள். வெள்ளிக்காரி எட்டிப் பார்த்தபோது பேனா இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. ஏழு, ஏழு, ஏழு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டே போனாள். டாக்டர் போய்ப் பேனாவைக் கையிலிருந்து எடுத்தார். அப்போதுதான் அவள் வாய்விட்டு அலறினாள். கீழே மருந்துக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வெள்ளிக்காரியையும் ஏற்றிக்கொண்டார். ஆளை அடையாளம் காட்ட வேண்டும். கல்லும் கூடவே ஏறினார். "நீங்க எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். "அவ இருக்கால்ல" என்றார் கல்லு. அன்றைய பத்து வார்த்தையில் இரண்டு செலவாயிற்று.

மண்குழி என்பது ஓட்டுச்சூளைக்குக் களிமண் தோண்டிய இடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலாளி செத்துப்போனதும் மூடிவிட்டார்கள். இப்போது பாதி குளம், பாதி புதர். ஒரு பக்கம் மட்டும் சுவர்போல் நின்ற மண் பெரிதாகச் சரிந்து மேடாகக் கிடந்தது. மேட்டின் ஓரத்தில் ஒற்றை அறை வீடு. வாசலில் மூன்று சல்லடைகள், பெரிய கண், நடுத்தரம், மாவுச் சல்லடை போல ஒன்று.

ஜீப் நின்றதுமே சல்லடை அண்ணன் வெளியே வந்தார். ஓடவில்லை, ஏன் வந்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. வெள்ளிக்காரியைப் பார்த்ததும், "கொண்டு வந்துட்டியாம்மா?" என்றார்.

"எதை அண்ணே?"

"அந்தப் பல்லை."

இன்ஸ்பெக்டர் அவர் தோளைப் பிடித்தார். அவர் அதைச் சட்டை செய்யாமல் உள்ளே நடந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தார். பளபளவென்று துடைத்து வைத்த பெட்டி. மூடியைத் திறந்தார். உள்ளே சலவை செய்த வெள்ளைத் துணி மடித்து மடித்து வைத்திருந்தது. முதல் மடிப்பை விலக்கியதுமே இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கல்லு மனைவியின் கண்ணை மறைக்கக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் பார்த்தாள்.

ஒரு ஆள் இருந்தார் அந்தப் பெட்டிக்குள். கை தனியாக, கால் தனியாக, விரல்கள் தனித்தனியாகச் சின்னச் சின்ன முடிச்சில். எல்லாம் கழுவித் துடைத்து, மண்ணின் பழுப்பு ஏறி. மண்டையோட்டின் கீழ்த்தாடையில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது.

அப்போதுதான் அவர் யார் என்பது தெரிந்தது. சலிக்கிற தொழில் பின்னால் வந்தது. அதற்கு முன் அவர் அந்தக் குழியின் மேஸ்திரி.

"மழை விட்ட மறுநாள். சாப்பாட்டு நேரம். எல்லாரும் மேல இருந்தாங்க. லாரிச் சாவி கீழ விழுந்துடுச்சுன்னு அவன் மட்டும் இறங்கிப் போனான். நான் ஒருத்தன்தான் பார்த்துக்கிட்டே இருக்கேன், சுவர் அப்படியே மெதுவா, துணி அவிழ்ற மாதிரி விழுந்துச்சு." தரையில் உட்கார்ந்து, பெட்டியின் விளிம்பைத் தடவியபடியே பேசினார். "முதலாளிகிட்ட ஓடினேன். அனுமதி இல்லாத ஆழம் தோண்டியிருக்கோம், வெளிய தெரிஞ்சா எல்லாரும் உள்ள போகணும், ஆள் செத்தது செத்ததுதான், வாயை மூடுன்னார். அந்த வாரம் சமையல்காரி வேலையை விட்டுப் போயிருந்தா. அவளைச் சேர்த்து ஒரு கதை கட்டினார். அந்தக் கதையை அவன் வீட்டு வாசல்ல போய்ச் சொன்னவன் நான்தான். அந்தப் பொண்ணு எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சிட்டு வந்தேன்."

கலைந்திருந்த துணி மடிப்பு ஒன்றைச் சரிசெய்தார்.

"முதலாளி போனதும் தோண்ட ஆரம்பிச்சேன். சுறாப் பல்லு பொறுக்குறேன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டேன். முழுசாச் சேர்ந்ததும் கொண்டுபோய் அந்தப் பொண்ணு கையில குடுத்துடலாம்னு இருந்தேன். ஆறு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு குறையும். கண்ணு வேற மங்கிப்போச்சு, அந்தப் பல்லு எப்படியோ சுறாப் பல்லோட கலந்து போயிருக்கு. அதை உன் கழுத்துல பார்த்த அன்னிக்கு..." அவர் வெள்ளிக்காரியை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லியிருக்கணும். வாய் வரலை."

வெள்ளிக்காரிக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஐந்து வருஷம் தன் கடை முக்காலியில் உட்கார்ந்து தன் கையால் டீ வாங்கிக் குடித்த மனுஷன். அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. வெளியே வந்து சல்லடைக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள். கல்லு அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். 

அதன்பின் நடந்தவை எல்லாம் நடக்க வேண்டிய வேகத்தில், அதாவது ஆமை வேகத்தில் நடந்தன. பெட்டியும் பல்லும் பரிசோதனைக்குப் போயின. டோக்கன் அக்கா மகளின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, சந்தேகமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சல்லடை அண்ணன் நீதிபதி கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஐந்து வருஷம் உள்ளே போனார். வெள்ளிக்காரி சாட்சி சொல்லப் போன அன்று அவர் பக்கம் திரும்பவே இல்லை. நத்தைச் சுருளைக் கையில் எடுத்தால்கூட, இது யாருடையது என்று ஒரு கேள்வி எழுந்தது. கல்லு எல்லாப் புதைபடிவங்களையும் ஒரு பெட்டியில் அள்ளிப் போட்டுப் பூட்டி, அரை அறை மூலையில் தள்ளினார். சாதாரணக் கல் மோதிரங்கள் மட்டும் செய்தார்கள்.

தீர்ப்பு வந்து மூன்று மாசம் கழித்து ஒரு முற்பகல் டோக்கன் அக்கா பட்டறைக்கு வந்தாள். கூடப் பதின்மூன்று வயது மகள். மேசைமேல் ஒரு காகித உறையை வைத்தாள்.

"நாளைக்கு அடக்கம் பண்றோம். போலீஸ்ல எல்லாம் குடுத்துட்டாங்க. இந்த வெள்ளியை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. நகையோட அனுப்ப வேணாம்."

வெள்ளிக்காரி உறையைத் திறந்து பதக்கத்தை வெளியே எடுத்தாள். நெருப்பு காட்டினால் பட்டை சட்டென்று விட்டுவிடும். ஆனால் இதற்கு நெருப்பு காட்ட அவளுக்கு மனசில்லை. இழை வாளை எடுத்து, பற்றவைத்த இடத்தில் மயிரிழையாக அறுத்தாள். ஒரு அறுப்புக்கும் அடுத்த அறுப்புக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பட்டை விலகியதும் பல்லை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. தெரியாமப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

டோக்கன் அக்கா அதை வாங்கி, பட்டை இருந்த இடத்தை விரலால் தேய்த்தாள். "நீங்க என்ன பண்ணீங்க? நான்தான் ஒன்பது வருஷமா அவரைத் திட்டாத நாள் கிடையாது. விடிஞ்சா அதுதான் முதல் வேலை. போட்டோவைக் கிழிச்சுப் போட்டேன். இவகிட்ட, உங்கப்பன் மனுஷனே இல்லைன்னு சொல்லி வளர்த்தேன். அவர் பாட்டுக்கு வேலை பண்ற இடத்துலயே கிடந்திருக்கார். நீங்களாவது நெஞ்சோட வெச்சிருந்தீங்க."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வேரு," என்றாள் டோக்கன் அக்கா திடீரென்று. "கோர்ட்டுல ராவினேன்னு சொன்னீங்களே. எவ்வளவு?"

வெள்ளிக்காரி சுண்டுவிரல் நகத்தின் விளிம்பைக் காட்டினாள். "இத்தனூண்டு. அரிசி அளவுகூட இருக்காது."

"அது எங்க?"

வெள்ளிக்காரியின் பார்வை கீழே போயிற்று. பட்டறை மேசைக்கு அடியில், மடிக்கு நேரே, ஒரு தோல் விரிப்பு தொட்டில் போலத் தொங்கியது. ராவும்போதும் அறுக்கும்போதும் உதிர்கிற வெள்ளித்தூள் வீணாகக் கூடாதென்று எல்லாம் அதில்தான் விழும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் கூட்டி உருக்கக் கொடுப்பார்கள். இந்தத் தடவைத் தூள் இன்னும் போகவில்லை.

"இதுக்குள்ளதான் இருக்கு. ஆனா பிரிக்க முடியாதும்மா. எல்லாத்தோடயும் கலந்து கிடக்கு."

டோக்கன் அக்கா குனிந்து தோல் விரிப்பைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள், நடுநடுவே மினுமினுப்பு. அதைத் தொடப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதில் இருந்தது எத்தனை மாச உழைப்பு என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லு அரை அறையிலிருந்து வந்தார். யாரையும் கேட்கவில்லை. தோல் விரிப்பின் கொக்கிகளைக் கழற்றினார். தூள் சிந்தாமல் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு பன்றிமுடித் தூரிகையால் மேசை விளிம்பு, இடுக்கு, அரத்தின் பற்கள் எல்லாவற்றையும் துடைத்து அதிலேயே தட்டினார். தரையில் மண்டியிட்டு, மேசைக்காலைச் சுற்றிக் கூட்டி அள்ளினார். சுத்தமான துணி ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டி முடிந்து, அந்தப் பெண்ணின் மகளிடம் கொடுத்தார்.

"கனமா இருக்கு" என்றாள் மகள்.

"பார்த்துப் பிடி" என்றார் கல்லு.

அடக்கத்துக்கு டாக்டரும் வெள்ளிக்காரியும் கல்லும் போனார்கள். டாக்டர் கையில் எக்ஸ்ரே படம் இருந்த அந்தப் பழைய உறை இருந்தது. அதை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்று கடைசி வரை தெரியாமல் பையிலேயே திணித்துக்கொண்டார். பெட்டியை இறக்குவதற்கு முன் டோக்கன் அக்கா பல்லைத் தன் கையாலேயே அதன் இடத்தில் பொருத்தினாள். இறக்கியதும் துணி முடிச்சை மகள் அவிழ்த்தாள். காற்றில்லாத நாள். தூள் பறக்காமல் கீழே போயிற்று. வெள்ளிக்காரி அழுதாள். இத்தனை மாசத்தில் அவள் அழுதது அன்றுதான்.

திரும்பும்போது தாயும் மகளும் முன்னால் நடந்தார்கள். பாதி தூரம் கடந்தார்கள். அப்புறம் மகள் கேட்டது பின்னால் வந்தவர்களுக்கும் கேட்டது.

"அம்மா, அப்பா எப்படிச் சிரிப்பார்?"

டோக்கன் அக்கா நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். பக்கத்துல இருக்கறவங்களுக்கு அழறாரோன்னு தோணும்" என்றாள். சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கியவள், பஸ் நிற்கும் இடம் வருகிறவரைக்கும் நிறுத்தவே இல்லை. அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள்.